கோணல் யானை

நம் சங்கத்தின் நவராத்திரி விழாவில் குழந்தைகளின் கைவேலைப் பொருள்களை ஒரு நீண்ட மேசையின்மீது அடுக்கி வைப்பது வழக்கம். 2023 ஆம் ஆண்டு விழாவில் அம்மேசையின் கோடியிலே களிமண் யானை ஒன்று நின்றதை அன்பர்கள் சிலர் கண்டிருக்கலாம். உயரம் ஒரு சாண் இருக்கும். தும்பிக்கை இடப்புறமாகக் கோணியிருந்தது. வயிற்றின் குறுக்கே ஒட்டுப் போட்ட தழும்பு. “இதை ஏன் கொண்டுவந்து வைத்தார்கள்?” என்று பெரியவர் ஒருவர் நம் காதுபடவே கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. ஓராண்டுக்கு முன்னராயின் நாமும் அவ்வாறே கேட்டிருப்போம். அந்த யானை நம் இளைய மகள் செய்தது. அதன் வரலாற்றை எழுதித் தருமாறு ஆசிரியர் கேட்டமையால் எழுதுகிறோம். அவ்வரலாற்றில் நம் குற்றமும் ஒன்று அடங்கியிருப்பதால் எழுதுவதற்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.

2022 ஆம் ஆண்டில் நமக்குச் சக்கரதர்பூரிலிருந்து கரக்பூருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. இரயில்வேக் குடும்பங்களுக்கு மாற்றல் புதிதன்று. மூட்டை முடிச்சு, எரிவாயு இணைப்பு, பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றைப் பற்றி நாம் கவலைப்படும் அளவுக்குக் குழந்தையின் நாவைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. வீட்டிலே தமிழ், சக்கரதர்பூரில் தட்டுத் தடுமாறிக் கற்ற இந்தி, இங்கு வந்தாலோ கடைத்தெருவில் தெலுங்கும் இந்தியும் வங்காளமும் கலந்து ஒலிக்கின்றன. வகுப்பிலே ஆங்கிலம், மணி அடித்துத் திடலுக்கு ஓடினால் வங்காளம். நம் மூத்த மகன் பந்தாட்டப் பிரியன். பந்துக்கு மொழி தேவையில்லை. இரண்டே வாரத்தில் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டான். அப்போது ஏழு வயதாயிருந்த இளையவள் வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டில் அவள் பேச்சுக்குக் குறைவில்லை. அண்ணனோடு சண்டையிடுவாள், குழாயடியில் நிற்கும் பூனையோடும் பேசுவாள். பள்ளி வாயிலைத் தாண்டினால் ஒரு சொல்லும் எழாது. “விடை தெரிந்தும் சொல்வதில்லை” என்று ஆசிரியை குறிப்பேட்டில் எழுதி அனுப்பினார். நாம் அதைப் படித்துவிட்டு, “வாயிலே கொழுக்கட்டையா வைத்திருக்கிறாய்?” என்று கேட்டோம். புதிய மொழியின் நடுவே வந்து விழும் குழந்தை சில திங்கள் வரை கேட்பது மட்டுமே செய்து, பேசாதிருப்பது உண்டு என்பதும், அது மந்த புத்தியன்று என்பதும் அக்காலத்தில் நமக்குத் தெரியாது. பல திங்கள் சென்றும் குழந்தை பள்ளியில் ஒரு சொல்லும் பேசாதிருந்தாலோ, வீட்டிலும் சோர்ந்து ஊணும் உறக்கமும் கெட்டாலோ குழந்தை மனநலம் அறிந்த மருத்துவரை நாடவேண்டும். அதில் வெட்கத்துக்கு இடமில்லை. நம் மகளுக்கு அந்த அளவு செல்லவில்லை. எனினும் அவள் முகத்தில் இருந்த களை குறைந்துகொண்டே வந்தது.

இனி நம் குற்றத்துக்கு வருவோம். அவ்வாண்டுக் குளிர்காலத்தில் பள்ளியிலிருந்து ஒரு வேலை கொடுத்தனுப்பினார்கள். ‘போக்குவரத்து’ என்னும் பாடத்துக்கு ஏதேனும் ஒரு மாதிரி செய்து கொணர வேண்டும். இரயில்வேக்காரன் வீட்டுக் குழந்தை இதில் பின்வாங்கலாமா? பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி உத்தியோகத்தில் சேர்ந்தவர் நாம். அதிகாரிகளின் மக்களும் பேராசிரியர்களின் மக்களும் கொண்டுவரும் பொருள்களின் நடுவே நம் குழந்தையின் பொருள் தாழ்ந்துவிடக் கூடாதென்ற எண்ணம் நெஞ்சைக் குடைந்தது. லெவல் கிராசிங் ஒன்றைச் செய்வதென முடிவு கட்டினோம். அட்டை வாங்கினோம், பசை வாங்கினோம், சிக்னல் பகுதியில் வேலை பார்க்கும் நண்பரைப் பிடித்துச் சிவப்பும் பச்சையுமாகச் சிறு விளக்குகள் எரியச் செய்தோம். கைப்பிடியைச் சுற்றினால் கதவு எழும், விட்டால் இறங்கும். மூன்று இரவுகள் கண்விழித்தோம். முதல் இரவில் குழந்தை அருகே வந்து உட்கார்ந்து, “மரத்தை நான் ஒட்டட்டுமா அப்பா?” என்றாள். “கெடுத்துவிடாதே, தள்ளி உட்கார்” என்றோம். இரண்டாம் இரவு சற்றுத் தள்ளியே உட்கார்ந்தாள். மூன்றாம் இரவு அவள் வரவில்லை. நாம் அதைக் கவனிக்கவும் இல்லை.

முதற்பரிசு கிடைத்தது. நாம் அலுவலகத்தில் நண்பர்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தோம். சில நாள் சென்றபின் நம் துணைவியார் கம்பளிகளை வெயிலில் உலர்த்துவதற்காகப் பெட்டியைக் கவிழ்த்தபோது, அடித்தட்டில் செய்தித்தாளுக்குக் கீழே அந்தப் பரிசுச் சான்றிதழ் நான்காக மடிக்கப்பட்டுக் கிடந்தது. அதன் பிறகே விவரம் வெளிவந்தது. ‘இது எப்படி வேலை செய்கிறது, வகுப்புக்கு எடுத்துச் சொல்’ என்று அவளை முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். விளக்கு எப்படி எரிகிறது, கதவு எப்படி எழுகிறது என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பாளா என்பது வேறு. பின்வரிசைச் சிறுவன் ஒருவன், “இதை அவள் அப்பா செய்தார்” என்றானாம். வகுப்பு சிரித்தது. “அது உங்க பரிசுப்பா” என்றாள் குழந்தை, நம் முகத்தைப் பாராமலே. கோபமாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னாள். ஊமையாய் நின்ற குழந்தைக்குத் துணை செய்வதாக எண்ணி, அவள் ஊமையாய் நிற்பதற்கு ஒரு மேடையையும் நாமே கட்டிக் கொடுத்திருக்கிறோம்!

2023 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நம் தாயார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தார். அவருக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. ஆகவே ஆச்சியும் பேத்தியும் ஊரில் பேச்சற்ற இருவராகச் சேர்ந்து மாலைதோறும் உலாவப் புறப்பட்டனர். முதல் வாரத்திலேயே தாயார் ஊரைத் தம் வசமாக்கிக்கொண்டார். கோல் பஜாரில் ஒரு கடைவாயிலில் சுருட்டி வைத்திருந்த மாதூர்ப் பாயை விரலால் நெருடிப் பார்த்து, “இது நம்ம ஊர்க் கோரைல்லா!” என்றாராம். அவர் சொன்னதில் பிழையில்லை. பத்தமடையில் பாய்க்கு ஆகும் கோரையும், இம்மேதினிப்பூர் மாவட்டத்துச் சபங் பக்கத்தில் பாய்க்கு ஆகும் மாதூர்க் காட்டியும் ஒரே குடும்பத்துப் புல். இரண்டு பாய்களும் புவிசார் குறியீடு பெற்றவை. பத்தமடைப் பாய் 2013 இல், மாதூர்ப் பாய் 2018 இல். அந்நிய ஊர் என்று நாம் பத்தாண்டாகச் சொல்லிக்கொண்டிருந்த நிலத்தில் தாயார் பத்தே நாளில் உறவுமுறை கண்டுபிடித்துவிட்டார்.

பனையோலைக்குப் பதிலாக இங்கே ஈச்ச ஓலை மலிவு. இரயில் பாதை ஓரத்திலிருந்து ஓலை கொணர்ந்து, திண்ணையில் அமர்ந்து தாயார் கிலுகிலுப்பை பின்னலானார். அவர் கற்றுக்கொடுத்த முறையை நாம் தூணருகே நின்று பார்த்தோம். நான்கு மடிப்புகள் மடிப்பார், குழந்தை பார்ப்பாள். பிறகு மடித்த நான்கையும் தாமே பிரித்துவிட்டு வெற்று ஓலையாக அவள் கையில் கொடுப்பார். அவள் இரண்டு மடிப்பில் சிக்கினால் மூன்றாவதை மட்டும் விரலால் தொட்டுக் காட்டுவார். தம் கையால் முடித்த ஒன்றை அவளுக்குக் கொடுத்ததே இல்லை. ஐந்தாம் நாள் மாலை குழந்தை தானே ஒன்றைப் பின்னி, உள்ளே நான்கு கூழாங்கற்களைப் போட்டு மூடிக் குலுக்கினாள். ஒலி எழுந்தது. மூன்று இரவு விழித்து நாம் எரியவிட்ட விளக்குகளைக் காட்டிலும் அவ்வொலி அவளுக்குப் பெரிதாயிருந்தது.

இதைப் பள்ளி ஆசிரியராகிய அண்டை வீட்டு நண்பரிடம் சொன்னோம். அவர் சிரித்து, “உங்கள் தாயார் படிக்காமலே செய்ததற்கு மேனாட்டார் பெயர் வைத்திருக்கிறார்கள்” என்றார். டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் என்னும் மூவர் 1976 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனராம். மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகள் மரக்கட்டைகளைப் பொருத்திக் கூர்ங்கோபுரம் அமைக்கையில், உடனிருக்கும் பெரியவர் எந்த இடத்தில் எவ்வளவு உதவுகிறார் என்பதை அவர்கள் கவனித்தார்கள். அவ்வுதவிக்கு அவர்கள் இட்ட பெயர், கட்டடத்துக்குக் கட்டும் சாரம். சுவர் நிற்கும் வரை சாரம் வேண்டும். நின்றபின் அவிழ்க்க வேண்டும். நாமோ சாரத்தையே சுவராக எழுப்பி வெள்ளையும் அடித்துவிட்டவர்.

மாலை உலாவில் ஆச்சியும் பேத்தியும் நாள்தோறும் போய் நின்ற இடம் ஒன்று உண்டு. நம் குடியிருப்புக்கு அப்பால் ஒரு சந்தில், துர்க்கா பூசைக்குப் பிரதிமை செய்யும் முதியவர் ஒருவரின் கொட்டகை. 2021 இல் யுனெஸ்கோ நிறுவனம் கொல்கத்தாவின் துர்க்கா பூசையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது என்பதை அன்பர்கள் அறிவார்கள். நாமும் பந்தல் பந்தலாகச் சென்று பிரதிமைகளைக் கண்டு வியந்திருக்கிறோம். அவை பிறக்கும் இடத்தை ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. முதலில் மூங்கிற் சட்டம். அதன்மேல் வைக்கோலைத் திரட்டிக் கயிற்றால் இறுக்கிக் கையும் காலும் உடலும் கட்டுகிறார்கள். தலையில்லாத அவ்வைக்கோல் உருவத்தின்மேல் உமி கலந்த பசைமண்ணை அப்புகிறார்கள். அது காயக் காய விரிசல் விடுகிறது. அதைக் கண்டு அங்கே எவரும் திடுக்கிடுவதில்லை. மெல்லிய மண்ணைக் கூழாகக் கரைத்து, துணிக்கீற்றை அதில் தோய்த்து, விரிசலின்மேல் ஒட்டித் தடவுகிறார்கள். மறுபடி காயவிடுகிறார்கள், மறுபடி விரிசல், மறுபடி பூச்சு. அதன் பின்னரே வெள்ளையும் வண்ணமும். கண் எழுதுவது மகாளய அமாவாசை நாளில் என்பது மரபு.

சில நாள் சென்றபின் முதியவர் ஓர் உருண்டை மண்ணைக் குழந்தையின் கையில் வைத்திருக்கிறார். அன்றிலிருந்து அவள் பார்வையாளர் வரிசையிலிருந்து விலகி உள்ளே உட்காரலானாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருட்டிவிட்டதே என்று அழைத்துவரப் போனோம். சந்துத் திருப்பத்திலேயே ஒரு சிறு குரல் கேட்டது. “தாதூ, ஆர் ஏக்டூ ஜொல்?” தாத்தா, இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடட்டுமா என்று பொருள். நாம் அப்படியே நின்றுவிட்டோம். கரக்பூருக்கு வந்து ஓராண்டுக்கு மேலாகியும் நம் மகள் வங்காளத்தில் பேசி நாம் கேட்டதில்லை. பேசு, பேசு என்று வற்புறுத்தியவர்களிடம் வராத சொல், மண் உலர்ந்துபோகிறதே என்ற அவசரத்தில் தானாக வந்துவிட்டது. உள்ளே போகாமல், பக்கத்துக் கடையில் வேண்டாத தீப்பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு கால் மணி நேரம் கழித்துச் சென்றோம்.

கொலுவுக்குத் தானே ஒரு யானை செய்வதென்று அவள் தீர்மானித்தாள். நம் இல்லத்துக் கொலுப் பொம்மைகள் மதுரையை அடுத்த விளாச்சேரியில் வாங்கியவை. இரயிலில் வைக்கோல் சுற்றி வந்தவை. அவற்றுள் யானை இல்லை. முதல் யானையை வைக்கோல் இன்றி வெறும் மண்ணுருண்டையாகவே பிடித்தாள். மேற்புறம் விரைந்து காய்ந்து சுருங்க, உட்புறம் ஈரமாகவே இருக்க, மறுநாள் காலையில் கழுத்திலிருந்து வயிறு வரை பிளந்து, ஒரு காலும் கழன்று கிடந்தது. குழந்தை சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். நமக்குப் பொறுக்கவில்லை. கோல் பஜாரில் நல்ல யானை ஒன்றை வாங்கி வந்துவிடலாமென்று செருப்பை மாட்டினோம். தாயார் அடுக்களையிலிருந்தே, “செருப்பக் கழத்துல. அவ யானைய அவ பாத்துக்கிடுவா” என்றார். முப்பது வயது கடந்த அரசாங்க உத்தியோகஸ்தர் செருப்பைக் கழற்றினோம்.

அன்று மாலை பிளந்த யானையை ஒரு முறத்தில் வைத்துச் சந்துக்கு எடுத்துச் சென்றார்கள். முதியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தாம் செய்துகொண்டிருந்த சிங்கத்தின் முதுகிலிருந்த விரிசலைக் காட்டினாராம். பெரியவர் சிங்கமும் விரிந்திருக்கிறது, என் யானையும் விரிந்திருக்கிறது என்று குழந்தை வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் குரலில் ஒரு பெருமையே இருந்தது. மண்ணை நனைத்துப் பிசைந்து, இம்முறை வைக்கோலைத் திரட்டிச் சணற்கயிறு சுற்றி, மீண்டும் செய்தாள். அதுவும் வயிற்றில் சிறிது விரிந்தது. இப்போது அழவில்லை. பழைய வேட்டித் துணியில் கீற்றுக் கிழித்துத் தா என்று அம்மாவிடம் கேட்டாள்.

பேரேட்டிலே ஒரு கூட்டல் கோணியிருந்தாலும் கண் பொறாத தொழில் நம்முடையது. தும்பிக்கை வைத்த இரவு அது ஈரக்கனத்தால் ஒருபுறமாகச் சாய்ந்திருந்ததைக் கண்டோம். எல்லாரும் உறங்கிவிட்டனர். ஒரு குச்சியை முட்டுக் கொடுத்து நிமிர்த்தினால் காலையில் நேராக இருக்கும். யார் செய்தது என்று எவருக்கும் தெரியாது. குச்சியையும் எடுத்துவிட்டோம். அலமாரியின்மேல் தூசி படிந்திருந்த லெவல் கிராசிங் கண்ணில் பட்டது. குச்சியை வைத்துவிட்டுப் போய்ப் படுத்தோம். நம் வாழ்க்கையில் நாம் செய்யாமல் விட்ட காரியங்களுள் பெருமை கொள்ளத் தக்கது அது ஒன்றுதான்.

மஞ்சளும் சங்குப்பூவும் விளக்குக் கரியும் வண்ணமாயின. இதே மாவட்டத்துப் பிங்களா வட்டாரத்தில் நயா என்னும் சிற்றூரில் படச்சுருள் எழுதும் பட்டுவர்கள் மஞ்சளும் சங்குப்பூவும் கரியுமாகத் தாங்களே வண்ணம் கூட்டி, வில்வக்காயின் பிசினைச் சேர்த்துக் குழைக்கிறார்கள். நமக்கு வில்வம் கிடைக்காமையால் கடைப் பசையோடு நின்றோம். சங்குப்பூ நீலம் யானைமீது ஏறாமல் சாம்பல் நிறமாயிற்று. யானைக்கு அதுவே பொருந்திவிட்டது.

கொலுவின் மூன்றாம் நாள் அவள் வகுப்புச் சிறுமியர் நால்வர் சுண்டலுக்காக வந்தனர். அவர்களுள் ஒருத்தி யானையைச் சுட்டி யார் செய்தது என்று கேட்டாள். “ஆமி கொரேச்சி” என்றாள் நம் மகள். நான் செய்தேன். அதோடு நிற்கவில்லை. எப்படிப் பிளந்தது, எந்தக் கால் கழன்றது, வைக்கோலை ஏன் உள்ளே வைக்கவேண்டும், துணிக்கீற்று எங்கே இருக்கிறது என்று பாதி வங்காளமும் பாதி இந்தியும் இடையிடையே தமிழுமாகச் சொல்லிக்கொண்டே போனாள். பிழைகள் ஏராளம். எவரும் சிரிக்கவில்லை, அவர்களுக்கு வயிற்றுத் தழும்பைத் தொட்டுப் பார்க்கும் அவசரம். பத்துத் திங்களுக்கு முன் வகுப்பின் நடுவே விளக்கெரியும் மாதிரியோடு வாயடைத்து நின்ற அதே குழந்தை! அன்று அவளிடம் சொல்வதற்கு ஒன்றுமில்லை, இன்று இருந்தது. அவ்வளவே வேறுபாடு என்று நாம் கருதுகிறோம்.

இதனால் அவள் பெரிய பேச்சாளியாகிவிட்டாள் என்று அன்பர்கள் எண்ணிவிட வேண்டாம். வகுப்பில் இன்றும் குறைவாகவே பேசுகிறாள். கணக்கில் மதிப்பெண் கூடவும் இல்லை. ஆனால் கேட்டால் விடை சொல்கிறாள். ஒரு காரியம் கெட்டுவிட்டால் முன்போல் சுவரைப் பார்த்து உட்காருவதில்லை. கெட்டது எங்கே என்று பார்க்கிறாள்.

கைத்தொழிலைக் கல்வியின் நடுவிலே வைக்கவேண்டுமென்று காந்தியடிகள் 1937 ஆம் ஆண்டு அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டிலே வற்புறுத்தினார். 1939 இல் அடையாற்றுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்த மரியா மாண்டிசோரி அம்மையார் குழந்தையின் கையே அதன் அறிவுக்கு வாயில் என்னும் கொள்கையினர். 2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் பத்து நாளேனும் புத்தகப் பையின்றி உள்ளூர்த் தொழிலாளரிடம் கைத்தொழில் பழக வேண்டும் என்கிறது. பெரியோர் கருத்துகள் எல்லாம் நன்றே. ஆனால் மாலையில் களைத்து வீடு திரும்பும் தகப்பனும், சமையலுக்கும் குழாய்த் தண்ணீருக்கும் நடுவே ஓடும் தாயும் கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்பது எவ்வளவு கடினம் என்று அவர்கள் எவரும் எழுதி வைக்கவில்லை. உண்மையில் குழந்தையோடு கைவேலை செய்வதில் பெரியவர்க்கு உள்ள வேலை அதுதான்.

பொருளுக்குக் குறைவில்லை. மூன்று வயதுக் குழந்தைக்குப் பழைய செய்தித்தாளைக் கிழித்து மைதாப் பசையால் ஒட்டுவதே பெரிய வேலை. ஆறேழு வயதில் ஊசியும் நூலும் கொடுத்துச் சட்டைக்குப் பொத்தான் தைக்கச் சொல்லலாம். பையனுக்கும் சொல்ல வேண்டும். யானையைப் பார்த்து முதலில் நகைத்த நம் மூத்த மகன், தீக்குச்சியையும் மிதிவண்டி வால்வுக் குழாய்த் துண்டுகளையும் இணைத்து வீடும் கோபுரமும் கட்டும் முறையைப் பிடித்துக்கொண்டான். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற அரவிந்த் குப்தா என்பார் நாடெங்கும் பிள்ளைகளுக்குப் பரப்பிய முறை அது. கழிபொருளிலிருந்து விளையாட்டுப் பொருள் செய்யும் அவர் பணிக்கு 2018 இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. வாசற்கோலமும் கைவேலையே. புள்ளியைத் தப்பவிட்டுக் கோணிய கோலத்தைத் தாயார் அழித்துப் போடாமல் ஒருநாள் முழுவதும் வாசலிலே இருக்கவிட்டால், அக்குழந்தை மறுநாள் தானாக எழுந்து வருவாள். குழந்தை கொண்டுவந்து காட்டும்போது “இது என்ன?” என்று கேட்பது உகந்ததன்று, அதற்கு யானை யானையாகவே தெரியும்போது நமக்கு ஏன் தெரியவில்லை என்று அது மனம் உடையும். “எப்படிச் செய்தாய்?” என்று கேட்டுவிட்டுக் காதைக் கொடுத்தால் போதும்.

சங்கத்தாரிடம் ஒன்று சொல்ல விரும்புகிறோம். நம் மகளுக்குப் பரிசு கிடைக்காத ஆற்றாமையால் எழுதுகிறோமென்று சிலர் எண்ணக்கூடும், எண்ணட்டும். அன்று மேசையில் முதற்பரிசு பெற்ற அரண்மனையைக் கண்ட மாத்திரத்தில் அதன் பின்னே ஒரு தகப்பனின் கை நமக்குத் தெரிந்தது. பாம்பின் கால் பாம்பறியும். அந்தத் தகப்பனை நாம் பழிக்கவில்லை. முதல், இரண்டு, மூன்று என்று பரிசு வைத்தால் தகப்பன்மார் இரவெல்லாம் விழிக்கத்தான் செய்வார்கள்.

பரிசு என்பது வேறு வகையிலும் கேடு செய்யும் என்பதற்குச் சான்று உண்டு. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்னும் அமெரிக்க அறிஞர்கள் 1973 இல் வெளியிட்ட ஆய்வு அது. படம் எழுதுவதில் தாமாகவே விருப்பமுள்ள சிறு குழந்தைகளுள் ஒரு சாராரிடம், எழுதினால் பொன்முத்திரை ஒட்டிய பத்திரம் தருவோம் என்று முன்னரே சொல்லி எழுதச் செய்தார்கள். ஒரு சாராருக்குச் சொல்லாமல் பின்னர் கொடுத்தார்கள். ஒரு சாராருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே வண்ணக்கோல்களை எல்லார் நடுவிலும் வைத்துப் பார்த்தபோது, பரிசுக்கென்று எழுதிய குழந்தைகள் மற்றவர் எழுதிய நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரமே எழுதினார்கள். முன்பு விருப்பமாயிருந்தது கூலி வேலையாகிவிட்டது.

ஆகவே அடுத்த நவராத்திரியில் முடித்த பொருள்களை மேசைக்குக் கொண்டுவரச் சொல்லாமல், மண்ணையும் ஓலையையும் தாளையும் மண்டபத்துக்குக் கொண்டுவந்து, பிள்ளைகளை இரண்டு மணி நேரம் உட்கார வைக்கலாகாதா? பெற்றோர் அப்போது வெளியே நின்று சுண்டல் சாப்பிடலாம். பிறகு ஒவ்வொரு குழந்தையும் தன் பொருளின் அருகே நிற்கட்டும். வருவோர் எப்படிச் செய்தாய் என்று கேட்கட்டும். எந்த மொழியில் விடை சொன்னாலும் கேட்டுக்கொள்ளலாம். செயற்குழு ஆலோசிக்க வேண்டுகிறோம்.

தாயார் தைப் பொங்கலுக்கு ஊர் திரும்பினார். பேத்தி பின்னிய கிலுகிலுப்பைகளில் இரண்டு அவர் பெட்டியில் சென்றன. யானை இங்கேதான் இருக்கிறது. மழைக்காலத்தில் ஒரு காது உதிர்ந்தது. அதற்கும் துணிக்கீற்று ஒட்டியாயிற்று.

இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கையில் மகள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, தமிழ் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். ஓரிடத்தில் நிறுத்தி, “தும்பிக்கை ஈரத்துல சாஞ்சிடுச்சுன்னு எழுதியிருக்கீங்களே?” என்றாள். ஆம் என்றோம். “அது சாயல. இங்கே இருக்கிற பிள்ளையாரைப் பார்க்கிறதுக்காக நான்தான் அந்தப் பக்கம் திருப்பி வச்சேன். அப்படின்னு எழுதுங்க” என்றாள். அப்படியே எழுதிவிட்டோம்.